வரி விதிக்கும் உரிமையும் கணக்குக் கேட்கும் உரிமையும்: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அனுபவம்

நபி (ஸல்) அவர்களால் யமன் நாட்டுக்கு அனுப்பப்பெற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தியை இமாம் அபூஉபைத் (ரஹ்) தமது 'கிதாபுல் அம்வால்' என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், யமன் மக்களிடம் திரட்டிய ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை முஆத் மதீனாவுக்கு அனுப்பி வைத்தார். கலீஃபா மகிழவில்லை, கடிந்துகொண்டார். வரி தண்டுபவராக உம்மை அங்கு அனுப்பவில்லை, அவ்வூர்ச் செல்வரிடம் பெற்று அவ்வூர் வறியவர்க்கே திருப்பிக் கொடுக்கத்தான் அனுப்பினோம் என்பது அவருடைய கருத்து. இங்கே வாங்கிக்கொள்ள எவரேனும் இருந்திருந்தால் அங்கே அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று முஆத் விடையிறுத்தார். மறு ஆண்டு பாதி வந்தது. மூன்றாம் ஆண்டு முழுவதும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே விடை.

உமர் (ரலி) அவர்களின் சட்டைத் துணி பற்றிய நிகழ்ச்சியை நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். இந்த யமன் செய்தியை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் ஆட்சியியல் நோக்கில் இதுவே ஆழமானது என்பது நம் எண்ணம். ஓரிடத்தில் திரட்டும் பணம் அவ்விடத்துக்கு உரியதா, தலைநகருக்கு உரியதா என்பது இதில் அடங்கியுள்ள முதற் கேள்வி. அப்பணத்தைப் பற்றி யார் யாரிடம் கணக்குக் கேட்பது என்பது இரண்டாம் கேள்வி. பணம் அதிகமாக வந்தபோதும் கலீஃபா கணக்குக் கேட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கருவூலத்துக்கு வருவாய் கூடினால் விசாரணை தேவையில்லை என்று அவர் கருதவில்லை.

இவ்விரு கேள்விகளையும் நம் காலத்தில் ஒரு சிறிய நாடு கால் நூற்றாண்டுக்கும் மேலாக எதிர்கொண்டு வருகிறது. ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் ஸ்காட்லாந்து 1707ஆம் ஆண்டு இங்கிலாந்துடன் இணைந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் அந்நாட்டு மக்களிடம் இரு வினாக்கள் வைக்கப்பட்டன. தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்பதற்கு 74.3 விழுக்காட்டினர் 'ஆம்' என்றனர். அதற்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா என்பதற்கு 63.5 விழுக்காட்டினர் மட்டுமே 'ஆம்' என்றனர். தமக்கென ஓர் அவை வேண்டும் என்று விரும்பியவர்களிலேயே ஒரு பகுதியினர், அந்த அவை தம் பையில் கை வைப்பதை விரும்பவில்லை. மக்களின் இயல்பு எங்கும் ஒன்றே.

1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நாடாளுமன்றம் 1999 ஜூலை முதல் நாளில் முறைப்படி தொடங்கப்பட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், நீதித்துறை முதலியவை அதன் பொறுப்பில் வந்தன. செலவுக்குரிய பணமோ இலண்டனிலிருந்து ஒரு தொகுப்பு மானியமாக வந்தது. அம்மானியம் ஆண்டுதோறும் எவ்வளவு மாற வேண்டும் என்பதை 'பார்னெட் சூத்திரம்' தீர்மானித்தது. 1978ஆம் ஆண்டளவில் பிரிட்டன் நிதியமைச்சில் பணியாற்றிய ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் இச்சூத்திரம் தற்காலிக ஏற்பாடாகத் தோன்றியது. அதை உருவாக்கியவரே பிற்காலத்தில் அதனைக் குறை கூறினார். ஆயினும் அது இன்றளவும் நீங்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கும் கூடும், குறைந்தால் குறையும். ஆக, எடின்பரோவில் அமர்ந்த உறுப்பினர்களுக்குச் செலவழிக்கும் உரிமை இருந்ததே தவிர, திரட்டும் பொறுப்பு இருக்கவில்லை. பிறர் ஈட்டியதைச் செலவழிப்பவனிடம் எவ்வளவு கடுமையாகக் கணக்குக் கேட்க முடியும்?

வருமான வரியின் அடிப்படை வீதத்தைப் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ ஓர் அதிகாரம் சட்டத்தில் இருந்தது உண்மைதான். அது ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. அதற்கு நேர்ந்த கதியை நாம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏட்டில் உள்ள அதிகாரத்துக்கும் கையில் உள்ள அதிகாரத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

வரியை மாற்ற வேண்டுமாயின் யார் ஸ்காட்லாந்துவாசி என்பது வரித்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குரிய கணினி ஏற்பாடு தொடர்ந்து பராமரிக்கப்பட வேண்டும். இதற்காக எடின்பரோ அரசு ஆண்டுக்கு 50,000 பவுண்டு செலுத்தி வந்தது. 2007ஆம் ஆண்டு அந்தச் செலுத்துதல் நின்றது. பிறகு வரித்துறை புதிய கணினி அமைப்புக்காக 70 லட்சம் பவுண்டு கேட்டபோது அரசு இணங்கவில்லை. விளைவாக அந்த அதிகாரம் செயலற்றுப் போயிற்று. மக்கள் வாக்களித்துப் பெற்ற அதிகாரம் இப்போது பயன்படுத்த இயலாத நிலையில் உள்ளது என்பதை யாரும் நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. 2010 நவம்பரில் இலண்டன் அமைச்சர் ஒருவரின் கடிதத்தின் வாயிலாகத்தான் அது வெளியாயிற்று. நிதியமைச்சர் ஜான் ஸ்வின்னி, தெரிவிக்காமல் விட்டதற்காக அவையில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 70 லட்சம் பவுண்டைச் செலவிடாதது சரியா தவறா என்பதில் இரு கருத்துக்கு இடமுண்டு. பயன்படுத்தும் எண்ணமே இல்லாத ஒன்றுக்கு ஏன் செலவிட வேண்டும் என்று அரசு வாதிட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அம்முடிவை எடுக்கும் உரிமை அமைச்சருடையதா, அவையினுடையதா என்பதே கேள்வி. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருள் கெட்டுப்போனால், அதை உரியவரிடம் தெரிவிப்பது காப்பவரின் முதற் கடமை என்பதை ஃபிக்ஹ் பயின்றோர் அறிவர்.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி, அவையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது. 2009 ஜனவரி 28 அன்று சிறுபான்மை அரசின் வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 64, எதிராக 64. அவைத் தலைவர் அலெக்ஸ் ஃபெர்கஸன் மரபையொட்டித் தமது தீர்மான வாக்கை எதிராக அளிக்க, மசோதா தோற்றது. வீடுகளுக்கு வெப்பக்காப்பு அமைக்கும் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை போதாது என்று பசுமைக் கட்சியின் இரண்டே உறுப்பினர்கள் எதிர்த்ததுதான் உடனடிக் காரணம். ஒரு வாரம் கழித்து, பிற கட்சிகளுடன் பேச்சு நடத்தியபின், ஏறத்தாழ அதே திட்டம் 123க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசின் பக்கம் அமர்ந்திருந்தவர்களுள் பஷீர் அஹ்மதும் ஒருவர். 2007இல் ஆங்கிலத்திலும் உருதுவிலும் உறுதிமொழி எடுத்து அவையில் நுழைந்த முதல் முஸ்லிம் உறுப்பினர் அவர். திட்டம் நிறைவேறிய இரு நாட்களில் அவர் காலமானார்.

முழுத் திட்டத்தையும் தோற்கடிக்க முடிந்த அந்த அவையால், அதன் ஒரு வரியைத் திருத்த முடியாது. நிதி மசோதாவுக்கு அமைச்சர்கள் மட்டுமே திருத்தம் கொண்டுவரலாம் என்பது அவை விதி. ஏற்றுக்கொள் அல்லது தள்ளிவிடு என்ற இரண்டே வழிகள். எனவே திட்டம் அவைக்கு வருமுன்னரே பேசி முடிக்க வேண்டியதாகிறது. பேசி முடிப்பது கட்சித் தலைவர்களின் அறைகளில் நடப்பது. நிதிக்குழுவின் மேசையில் நடப்பதன்று.

பின்னர் நிலைமை விரைந்து மாறியது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் நிலம் மற்றும் கட்டடக் கைமாற்றத்தின் மீதான வரியையும், குப்பை நிரப்பு வரியையும் எடின்பரோவுக்குக் கொடுத்தது. அவை 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவற்றைத் திரட்ட 'ரெவின்யூ ஸ்காட்லாந்து' என்னும் தனி அமைப்பு உருவாயிற்று. (குப்பை நிரப்பு வரி விந்தையானது. அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அதன் வருவாய் குறையும்.) இப்புதிய வரிகளுக்கு அடிப்படையாக ஆடம் ஸ்மித் வகுத்த நான்கு நெறிகளைக் கொள்வதாக 2012இல் ஸ்வின்னி அவையில் அறிவித்தார். ஆற்றலுக்கேற்ற பங்கு, உறுதித்தன்மை, செலுத்துவோரின் வசதி, திரட்டும் செலவில் சிக்கனம் என்பன அவை. ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் பிறந்த ஸ்மித், இறுதிக் காலத்தில் எடின்பரோவிலேயே சுங்க ஆணையராகப் பணியாற்றியவர். அவருக்கு நானூறு ஆண்டுகள் முற்பட்ட இப்னு கல்தூன், அரசின் தொடக்கத்தில் குறைந்த வீதங்கள் நிறைந்த வருவாயைத் தருவதையும் அதன் முதுமையில் உயர்ந்த வீதங்கள் குறைந்த வருவாயைத் தருவதையும் 'முகத்திமா'வில் விளக்கியதை நம் வாசகர்கள் அறிவர். இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஸ்மித் வரி செலுத்துபவரிடமிருந்து தொடங்குகிறார், இப்னு கல்தூன் ஆள்பவரின் செலவுப் பழக்கத்திலிருந்து தொடங்குகிறார் என்பது புலப்படும். தணிக்கையாளருக்கு இரண்டாமவரே அதிகம் பயன்படுவார்.

2014 செப்டம்பர் 18 அன்று நடந்த விடுதலை வாக்கெடுப்பில் 55.3 விழுக்காட்டினர் பிரிவினை வேண்டாம் என்றனர். அதற்கு ஈடாக மேலும் அதிகாரம் தருவதாக இலண்டன் கட்சிகள் அளித்த வாக்குறுதி, ஸ்மித் ஆணையத்தின் வழியாக 2016ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. சேமிப்பு, பங்கு ஆதாயம் நீங்கலான வருமானத்தின் மீது வீதங்களையும் படிகளையும் வகுக்கும் முழு உரிமை 2017 ஏப்ரல் முதல் எடின்பரோவுக்கு உரியதாயிற்று. வரிவிலக்கு வரம்பான 12,570 பவுண்டை மட்டும் இலண்டனே தீர்மானிக்கிறது. 2018இல் வரிப் படிகள் ஐந்தாயின. 2024 ஏப்ரல் முதல் 75,000 பவுண்டுக்கு மேல் 45 விழுக்காடு என்னும் ஆறாம் படி சேர்ந்தது. உச்ச வீதம் 48 ஆயிற்று. இந்த ஆறாம் படியைக் கொணர்ந்தது ஹம்ஸா யூசுஃப் தலைமையிலான அரசு என்பது நம் சமுதாயத்தவர் பலருக்குத் தெரியாது. அவர் முதலமைச்சராக இருந்தார் என்பதை மட்டுமே நாம் பெருமையோடு நினைவு கூர்கிறோம்.

இங்கிருந்துதான் கணக்குக் கேட்பது உண்மையிலேயே கடினமாகிறது. வருமான வரி எடின்பரோவுக்குச் சென்றுவிட்டபின் தொகுப்பு மானியத்தைப் பழையபடி கொடுக்க முடியாது. ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? இதை ஓர் உவமையால் விளக்கலாம்.

ஒரு தந்தை மகனுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கொடுத்து வந்தார் என்று கொள்வோம். தமக்குள்ள பல கடைகளுள் ஒன்றின் வாடகையை மகனே பெற்றுக்கொள்ளட்டும் என்கிறார். அக்கடையின் வாடகை 40. ஆகவே இனி 60 மட்டும் கொடுக்கிறார். முதலாண்டில் மகனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அடுத்த ஆண்டு தந்தையின் மற்றக் கடைகளில் வாடகை 5 விழுக்காடு உயர்கிறது. உடனே கழிவும் 42 ஆகிறது. மகனின் கடையில் வாடகை 44ஆக உயர்ந்திருந்தால் அவனுக்கு 2 மிச்சம். 41 மட்டுமே ஆகியிருந்தால் 1 இழப்பு. மகன் வாடகை வீதத்தை உயர்த்தி 3 ரூபாய் கூடுதலாகத் திரட்டினாலும், அக்கடைத் தெருவில் வணிகம் மந்தமாக இருந்தால் அந்த 3இல் பெரும்பகுதி கழிவை ஈடுகட்டவே போய்விடும். கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்தது உண்மை. மகன் கைக்கு அவ்வளவும் வராததும் உண்மை.

ஸ்காட்லாந்தில் நடப்பது இதுவே. அங்கு உயர் வருவாயினர் இங்கிலாந்தினரைவிட அதிக வரி செலுத்துகின்றனர். ஆனால் அக்கூடுதல் முழுவதும் அந்நாட்டுச் செலவுக்குக் கிட்டுவதில்லை. ஒரு தலைக்குரிய வரி வளர்ச்சியை ஒப்பிட்டுக் கழிவைக் கணிக்கும் இம்முறை 2016 பிப்ரவரி உடன்படிக்கையில் தற்காலிகமாக ஏற்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் மறு ஆய்வில் நிலையாக்கப்பட்டது. இவ்விரு உடன்படிக்கைகளும் இரு அரசுகளின் அமைச்சர்கள் தம்முள் பேசி முடித்தவை. நாடாளுமன்றக் குழுக்கள் முன்னும் பின்னும் வினவ முடிந்தது. மேசையில் இடம் பெற முடியவில்லை.

உவமையில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் வாடகை எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. மதிப்பீட்டை வைத்துத்தான் பணம் தரப்படுகிறது. வாடகை 44, கழிவு 42 என்று மதிப்பிட்டு மகன் 102ஐச் செலவிட்டுவிட்டான். பின்னர் உண்மையான வாடகை 42 என்று தெரிகிறது. எனில் 2 ரூபாயைப் பின்வரும் ஆண்டொன்றில் திருப்பிக் கழித்துக்கொள்வார்கள். 2017-18ஆம் நிதியாண்டின் உண்மைக் கணக்கு 2019 ஜூலையில்தான் வெளியாயிற்று. ஏறத்தாழ 1,090 கோடி பவுண்டு திரண்டிருந்தது. மதிப்பீடுகளோடு ஒப்பிட்டபோது 20.4 கோடி பவுண்டைத் திருப்ப வேண்டியிருந்தது. அது 2020-21ஆம் ஆண்டுத் திட்டத்தில் கழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் கணக்கில் 30.9 கோடி, 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில் 39 கோடி.

இந்த 20.4 கோடியை யாரும் திருடவில்லை, வீணாக்கவில்லை. ஸ்காட்லாந்து வரியை ஓர் அமைப்பும், பிரிட்டனின் பிற பகுதிகளின் வரியை வேறோர் அமைப்பும் தனித்தனியே மதிப்பிட்டதில் நேர்ந்த இடைவெளி அது. ஆனால் செய்தித்தாளில் அது 'பள்ளம்' என்று வந்தது. எதிர்க்கட்சியினர் அரசைக் குற்றம் சாட்டினர். அரசு சூத்திரத்தைக் குற்றம் சாட்டியது. ஓர் உறுப்பினர் அமைச்சரிடம் சரியான கேள்வியைக் கேட்க வேண்டுமானால், மதிப்பீட்டுப் பிழை எவ்வளவு, பொருளாதார மந்தத்தின் விளைவு எவ்வளவு, கொள்கையின் விளைவு எவ்வளவு என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் யாருடையது என்று தெரியாத இடத்தில் கோபம் கொள்வது எளிது. கணக்குக் கேட்பது எளிதன்று.

இக்குறையை உணர்ந்து அந்நாட்டினர் செய்த இரண்டு ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை. முதலாவது, மதிப்பிடும் வேலையையே அமைச்சர்களிடமிருந்து பிரித்தது. ஸ்காட்லாந்து நிதி ஆணையம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன்னுரிமை பெற்று, 2017 ஏப்ரல் முதல் வரி வருவாய் மதிப்பீடுகளைத் தானே தயாரிக்கிறது. தேர்தலாண்டில் வருவாயை மிகைப்படுத்திக் காட்டும் ஆசை எந்த நிதியமைச்சருக்கும் எழும். அந்தப் பேனா அவர் கையில் இல்லை. இரண்டாவது, 2017 ஜூனில் நாடாளுமன்றமும் அரசும் கூட்டாக அமைத்த மறு ஆய்வுக் குழு அளித்த அறிக்கை. நிதித் திட்டம் வந்தபின் சில வாரங்கள் மட்டும் பரபரப்பாக ஆராய்வதை விடுத்து, ஆண்டு முழுவதும் ஒவ்வொரு துறைக் குழுவும் தன் துறையின் செலவைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றும், கொடுத்த பணத்தால் என்ன விளைந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்றும் அது கூறியது. ஐந்தாண்டுக் கண்ணோட்டத்தில் இடைக்கால நிதி உத்தி ஒன்றை அரசு வெளியிட வேண்டும் என்ற பரிந்துரைப்படி 2018 மே மாதம் முதல் அறிக்கை வந்தது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வறிக்கை தாமதமானபோதெல்லாம் நிதிக்குழு கடிந்துகொண்டது. திட்டமிடுவது எப்போதும் எளிது. நாள் தவறாமல் செய்வதுதான் கடினம்.

வரியைத் திரட்டுபவர் யார் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்காட்லாந்து வருமான வரியை விதிப்பது எடின்பரோ. திரட்டுவது பிரிட்டன் வரித்துறை. அத்துறை இலண்டன் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. ஓர் ஊழியர், இரண்டு எசமானர்கள். ஆகவே பிரிட்டனின் தலைமைத் தணிக்கையாளர், ஸ்காட்லாந்து வருமான வரி ஒழுங்காகத் திரட்டப்படுகிறதா என்று ஆண்டுதோறும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கே அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. வரித்துறை அதிகாரிகள் எடின்பரோ குழுக்களின் முன் வந்து விடையளிக்கின்றனர். இப்னுல் லுத்பிய்யா என்னும் தண்டலரை நபி (ஸல்) அவர்கள் விசாரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் பிரித்துக் காட்டியபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்ட கேள்வி, பதவிக்கும் ஆளுக்கும் இடையிலான கோட்டை வரைந்தது. பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் 'கிதாபுல் கராஜ்' எழுதிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்), தண்டலர்களின் நடத்தையை விசாரிக்க நேர்மையாளர்களைத் தனியே அனுப்புமாறு வலியுறுத்தினார். தண்டுபவர் வேறு, தணிக்கை செய்பவர் வேறு என்ற நெறி நமக்குப் புதியதன்று. அதை ஆட்சியாளரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் நிலையான அமைப்பாக்கியதில்தான் பிற்காலத்தவர் நம்மை முந்தினர்.

செலவின் பக்கம் வருவோம். 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொது நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்துக்குத் தனித் தலைமைத் தணிக்கையாளர் உண்டு. நாடாளுமன்றம் பெயர் முன்மொழிய அரசர் நியமிக்கிறார். அமைச்சர்கள் அவருக்குக் கட்டளையிட முடியாது. அவருடைய அறிக்கைகளைப் பொதுத் தணிக்கைக் குழு எடுத்துக்கொண்டு அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கிறது. விந்தை என்னவெனில், இந்த அவை கூடும் ஹோலிரூட் மாளிகையே பொதுச் செலவின் மீதான கடும் விசாரணைக்கு உள்ளாயிற்று. 1997இல் 1 கோடி முதல் 4 கோடி பவுண்டுக்குள் முடியும் என்று சொல்லப்பட்ட அக்கட்டடம், 2004 அக்டோபரில் திறக்கப்பட்டபோது 41.4 கோடியை எட்டியிருந்தது.

இவற்றுள் மக்களின் அன்றாட வாழ்வை நேரே தொட்டது கப்பல் விவகாரம். மேற்குக் கரைத் தீவுகளுக்கு இரண்டு புதிய பயணிகள் கப்பல்கள் கட்ட 2015இல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தமாயிற்று. கிளைட் ஆற்றங்கரையில் உள்ள ஃபெர்கஸன் மரைன் என்னும் தளம் கட்டுவதாக இருந்தது. கட்டுபவர் தவறினால் கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற உத்தரவாதம் இல்லாமலே ஒப்பந்தம் செய்யப்பட்டது. வாங்கும் பொறுப்பில் இருந்த பொதுத்துறை நிறுவனமே இதுபற்றி அச்சம் தெரிவித்திருந்தது. 2019இல் தளம் நொடித்து, அவ்வாண்டு டிசம்பரில் அரசுடைமையாயிற்று. 2022 மார்ச்சில் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீபன் பாயில் வெளியிட்ட அறிக்கை, செலவு குறைந்தது 24 கோடியாகும் என்றது. அதைவிட முக்கியமான ஒரு குறையையும் அது சுட்டியது. அத்தனை அபாயத்தையும் அறிந்த பின்னரும் அமைச்சர்கள் ஏன் ஒப்புக்கொண்டனர் என்பதை விளக்கப் போதிய எழுத்துச் சான்று இல்லை.

பணம் எங்கே என்று கேட்டால் கணக்கேடு விடை சொல்லும். முடிவு ஏன் என்று கேட்டால் கோப்புத்தான் விடை சொல்ல வேண்டும். கோப்பே இல்லையென்றால் எந்தத் தணிக்கையாளரும் எந்தக் குழுவும் என்ன செய்ய முடியும்? 2022 மே மாதத்தில், தேடப்பட்ட மின்னஞ்சல் ஒன்று கிடைத்ததாக அரசு அறிவித்தது. அது யார் ஒப்புதல் தந்தார் என்பதைச் சொன்னது. ஏன் தந்தார் என்பதை முழுமையாகச் சொல்லவில்லை. குழு தன் விசாரணை அறிக்கையை 2023 மார்ச்சில் வெளியிட்டது. முதற் கப்பலான 'க்ளென் சான்னக்ஸ்' 2025 ஜனவரி 13 அன்றுதான் அர்ரான் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 2018இல் வந்திருக்க வேண்டிய கப்பல் அது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கப்பல் பழுதாகும்போதெல்லாம் மருத்துவமனைக்குச் செல்வோரும், சரக்கை நம்பிக் கடை நடத்துவோரும் கரையில் காத்திருந்தனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாக அமைந்து, சாட்சிகளையும் எழுத்தரின் கடமையையும் விரித்துரைக்கிறது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையலாகாது என்பதும் அதில் உள்ளது. அர்ரான் தீவினரின் காத்திருப்பைப் படித்தபோது நமக்கு அவ்வசனமே நினைவில் வந்தது. நம் மஹல்லா நிருவாகங்களில், வரவு செலவு ரமழானுக்குப் பின் பலகையில் ஒட்டப்படுவதுண்டு. தீர்மானப் புத்தகத்தைக் கேட்டால்தான் முகங்கள் மாறும்.

ஏட்டில் உள்ள அதிகாரம் கைக்கு வராத கதை 2010உடன் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விமானப் பயணத்தின் மீதான வரிக்கு எடின்பரோ 2017இல் சட்டம் இயற்றியது. மேட்டு நிலத் தீவுப் பகுதிகளின் விமான நிலையங்களுக்குப் பழைய முறையில் இருந்த விலக்கை எவ்வாறு தொடர்வது என்ற சிக்கலில் அது ஆண்டுக்கணக்கில் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. ஸ்காட்லாந்தில் திரளும் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கை அந்நாட்டுக்கு ஒதுக்கும் ஏற்பாடும் அத்தகையதே. எந்தக் கடையில் எந்த நாட்டவர் எவ்வளவு வாங்கினர் என்பதை நம்பத்தகுந்த முறையில் கணிக்க வழி காணாமல் அது தள்ளிப்போயிற்று.

எடின்பரோவுக்குக் கீழேயும் அரசுகள் உண்டு. 32 உள்ளாட்சி மன்றங்கள். இலண்டனிடம் எடின்பரோ முறையிடுவதை, எடின்பரோவிடம் இம்மன்றங்கள் முறையிடுகின்றன. அவற்றின் வருவாயில் பெரும்பகுதி எடின்பரோ தரும் மானியமே. சொந்தமாகத் திரட்டும் வீட்டு வரியின் வீதத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்பது சட்டம். ஆனால் 2023 அக்டோபரில் தம் கட்சி மாநாட்டு மேடையில், அடுத்த ஆண்டு அவ்வரி உயராது என்று முதலமைச்சர் அறிவித்தபோது, தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்று மன்றங்கள் குமுறின. யமனில் திரண்டது யமனுக்கே என்னும் நெறியை எடின்பரோ தனக்கு மேலே உள்ளவரிடம் உரத்துப் பேசுகிறது. தனக்குக் கீழே உள்ளவரிடம் அவ்வளவு உரத்துப் பேசவில்லை. அந்தத் தடை 2025-26ஆம் ஆண்டில் நீங்கியது. வீடுகளின் மதிப்போ, 1991 ஏப்ரலில் கணித்தபடியே வரிப் பதிவேட்டில் இருக்கிறது. அதன்பின் இரண்டு, மூன்று மடங்கு விலை ஏறிய தெருவும், விலை ஏறாது நின்ற தெருவும் ஒரே படியில் வரி செலுத்துகின்றன. மறு மதிப்பீடு செய்யும் அதிகாரம் 1999 முதலே அந்த நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.